வளைவு வரை முதல் மண்டலம்

நகர எல்லை தங்கள் குடியிருப்பையும் சேர்த்து வளைத்துக்கொண்டது என்று அறிவிப்பு வந்த அன்று, அட்டவணை என்பவனின் மச்சான் செய்த முதல் காரியம் தன் நடையை மாற்றிக்கொண்டதுதான். முந்தின நாள் வரை செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தவர், அன்று காலை முதல் ஏதோ அவசரக் கூட்டத்துக்குப் போகிறவர் மாதிரி குதிகாலைத் தூக்கி நடந்தார். மதியத்துக்குள் அவர் வீட்டுக் கதவில் 'மாநகரவாசி' என்று ஒரு பலகை ஏறியது. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தின் ரப்பர் முத்திரையிலும் 'மாநகர' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். வட்டத்தில் இடம் போதாததால் 'சங்கம்' என்பது 'சங்' என்று நின்றுபோனது. அதனால் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"மாப்ளே, இனிமே நாம யாரு தெரியுமா?" என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார்.

"நேத்து யாரோ, அவங்கதான்" என்றான் அட்டவணை.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. போக்குவரத்து அலுவலகத்தில் பத்தொன்பது வருடங்களாகப் பேருந்துக் கட்டண அட்டவணையைத் தயாரிப்பது அவன் வேலை. எந்த நிறுத்தம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அலுவலகத்தில் யாரோ 'அட்டவணை' என்று கூப்பிட்டார்கள். பிறகு அந்தப் பெயர் பேருந்து ஏறி வீடு வரை வந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஆனால் அன்று அவளுக்குக் கோபம் இல்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நூறு தடவை நடந்திருப்பாள். ஆறு வருடம் மாவு மில்லுக்கு லாரி ஓட்டியவள். பேருந்து ஓட்டுநர் வேலைக்கு நடந்த தேர்வில், எண்ணெய் பீப்பாய்களுக்கு நடுவே முப்பத்தெட்டு அடிப் பேருந்தைப் பின்னோக்கி விட வேண்டும். இருபத்திரண்டு ஆண்கள் பீப்பாய்களை உருட்டிவிட்டுப் போன பிறகு, இவள் ஒன்றைக்கூடத் தொடாமல் கொண்டுபோய் நிறுத்தினாள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது: ஓட்டுநர்கள் முதல் கட்டண மண்டலத்துக்குள் குடியிருக்க வேண்டும். விடியும் முன் அவர்களைக் கூட்டிப் போகிற பணியாளர் வேன் அந்த மண்டலத்தைத் தாண்டி வராது.

"அந்தக் கவலையும் தீந்துதுங்க" என்றாள். "நாமதான் நகரத்துக்குள்ள வந்தாச்சே."

அட்டவணை வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். திறந்த வாயில் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு மூடிக்கொண்டான்.

மறுநாள் அவள் போக்குவரத்து அலுவலகத்தின் பொது மேலாளரைப் பார்க்கப் போனாள். அவருடைய அறைக்கும் அட்டவணையின் மேசைக்கும் நடுவே ஒரு பழைய கோப்பு அலமாரி மட்டும்தான் சுவர். யாரையும் பிடித்து வேலை வாங்குகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை என்பதால், அவள் யார் என்று அவன் சொல்லவில்லை. அலமாரிக்குப் பின்னால் பேனாவைப் பிடித்தபடி மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான்.

பொது மேலாளரிடம் நீளமான ஒரு பித்தளைக் குச்சி உண்டு. சுவர் வரைபடத்தைக் காட்டுவதற்கென்று செய்தது. வரைபடம் இல்லாத கூட்டத்துக்கும் எடுத்துப் போவார்.

"நகரத்துக்குள்ள வந்துட்டோம்னு சொல்றீங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல் விண்ணப்பத்தைப் பார்த்து. "வாங்க. நல்லா வாங்க. ஆனா நகரம்ங்கிறது மேயரோட விஷயம்மா. மண்டலம்ங்கிறது என்னோட விஷயம். நகரம் ரப்பர் மாதிரி, இழுத்தா நீளும். மண்டலம் இரும்பு." குச்சி வரைபடத்தில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் டங்கென்று மோதியது. "இங்க ஆரம்பிச்சு இங்க முடியுது. முடிஞ்சது முடிஞ்சதுதான்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலு நிறுத்தம்தான் சார்."

"நாலோ நாப்பதோ, ரெண்டாவது மண்டலம் ரெண்டாவது மண்டலம்தான். ஒண்ணாந்தேதி காலைல முதல் மண்டல முகவரியோட வாங்க. இல்லேன்னா பட்டியல்ல அடுத்த ஆளு."

அடுத்த ஆள் மூன்று பீப்பாய்களை உருட்டியவன்.

அவள் வெளியே போகும்போது அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் மாடிப்படியில் இறங்கியது. அதில் ஒரு அவசரமும் இல்லை. அதுதான் அட்டவணைக்குத் தாங்கவில்லை. கோபத்தில் தடதடவென்று இறங்கியிருந்தால் பரவாயில்லை.

அவன் முன்னால் அடுத்த காலாண்டு அட்டவணையின் அச்சுப்படி கிடந்தது. மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் பொது மேலாளர் அதில் கையெழுத்திட்டால் ஒன்றாம் தேதி முதல் அதுதான் சட்டம். ஐந்து மணி தாண்டினால் பழைய அட்டவணையே இன்னும் மூன்று மாதம் ஓடும். மனசு எங்கேயோ இருக்க, கண் பழக்கத்தில் முதல் வரியைப் படித்தது. பத்தொன்பது வருடமாக எழுத்து மாறாமல் அவன் பிரதி எடுத்த வரி.

'முதல் மண்டலம்: மத்திய நிலையம் தொடங்கி நகர வரவேற்பு வளைவு வரை.'

படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனான். பிறகு திரும்பி வந்தான். பாலம் வரை என்று இல்லை. கிலோமீட்டர் கணக்கு இல்லை. வளைவு வரை.

பாலத்துக்கு இந்தப் பக்கம், பழைய நகர எல்லையில், 'நகரம் உங்களை வரவேற்கிறது' என்று நிற்கிற இரும்பு வளைவு அது. அடித்தளம் தோண்டி நட்டதல்ல. நான்கு கான்கிரீட் பாதங்களின் மேல் உட்கார்ந்திருப்பது. ஒவ்வொரு மேயரும் தன் புகைப்படத்துக்கு வெளிச்சம் சரியாக விழுகிற இடத்துக்கு அதைப் பத்தடி, இருபதடி நகர்த்துவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த யாரோ ஒரு பொறியாளர் அப்படிச் செய்திருக்க வேண்டும். விதிப் புத்தகத்தில் அதற்கும் ஒரு குறிப்பு இருந்தது. அட்டவணை தூசி தட்டி எடுத்தான். 'வளைவு இடம் மாறினால் மாறிய இடமே மண்டல எல்லை. நகர்த்திய வண்டியின் பயணத் தாளே ஆதாரம்.'

மண்டலம் இரும்புதான். பொது மேலாளர் சொன்னது சரி. ஆனால் அந்த இரும்பைக் கிரேன் தூக்கும்.

அன்று மாலை அவன் நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஓடியே வந்தான். நாற்பத்தாறு வயதில் தெருவில் ஓடினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், எட்டிப் பார்த்தார்கள்.

"வேலை போச்சுன்னு உங்களுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்றாள் மனைவி, அவன் சிரிப்பைப் பார்த்து.

"வளைவு" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே. "வளைவ இங்க கொண்டு வரணும்."

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எடை எவ்வளவு இருக்கும்?"

"நாலு டன்னாவது வரும்."

"டிப்போல பிரேக்டவுன் கிரேன் இருக்கே, அது எட்டு டன் தூக்கும்" என்றாள். அவள் கண்ணில் பீப்பாய்களுக்கு நடுவே போன அன்றைய வெளிச்சம் வந்திருந்தது. "ஆனா யாருங்க தூக்கச் சொல்லுவா?"

"மேயர் சொல்லுவார். மேயர்ட்ட யார் சொல்றதுங்கிறதுதான் கேள்வி."

இருவரும் ஒரே நேரத்தில் எதிர்வீட்டு 'மாநகரவாசி' பலகையைப் பார்த்தார்கள்.

மச்சானிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒரு பலகையில் எழுதி மாட்டிவிடுவார். "மச்சான், ஒண்ணு யோசிச்சீங்களா? நாம நகரத்துக்குள்ள இருக்கோம். ஆனா வளைவு பாலத்துக்கு அந்தாண்ட இருக்கு. பாக்கிறவன், நாம இன்னும் வெளிய இருக்கோம்னுதானே நெனைப்பான்?" என்று மட்டும் கேட்டான்.

மச்சானின் முகத்தில் இரண்டு நாள் மாநகர வாழ்க்கை ஒரு நொடியில் வடிந்து போனது. "அட ஆமா மாப்ளே" என்றார். "மூஞ்சியில அடிச்ச மாதிரில்ல இருக்கு."

அன்றைக்கே மேயருக்குக் கடிதம் எழுதினார். ஆறு பக்கம். அட்டவணை அதில் ஐந்து பக்கத்தைக் குறைத்து, ஒரு வரியைச் சேர்த்தான். மாதக் கடைசியில் பக்கத்து மாநகர மேயர் விருந்தினராக வரப்போகிறார். அவர் நம் நகரத்தின் புதிய பகுதியைக் கடந்து வந்த பிறகுதான் வளைவைப் பார்ப்பார். அதுவரை பார்த்ததெல்லாம் நகரமே இல்லை என்று நினைத்துவிட்டால்? கீழே 'மாநகரக் குடியிருப்போர் சங்' என்ற முத்திரை.

காலையில் கொடுத்த கடிதத்துக்கு மதியம் பதில் வந்தது. மேயருக்குப் பக்கத்து மாநகர மேயரோடு ஒரு பழைய கணக்கு உண்டு: யார் ஊர் பெரியது என்பது. வளைவு உடனே நகர வேண்டும், விழா எடுக்க வேண்டும், விருந்தினரே நாடா வெட்ட வேண்டும், வெட்டும்போது தன் ஊரின் அகலத்தை அவர் மனசுக்குள் அளந்து வயிறு எரிய வேண்டும். நாள்: மாதக் கடைசி. நேரம்: மாலை மூன்று.

கிரேனுக்கு என்ன செய்வது என்று மேயர் அலுவலகம் கேட்டபோது, "எங்க டிப்போ கிரேனையே தரோம்" என்று முந்திக்கொண்டவர் பொது மேலாளர். மேயர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள அவருக்கு நாலு வருட ஏக்கம். பயணத் தாளில் தானே கையெழுத்துப் போட்டார். 'நோக்கம்: நகர வரவேற்பு வளைவைப் புதிய இடத்தில் நிறுவுதல்.' எழுதிய கை தன் மண்டலத்தைத் தானே இழுத்துக்கொண்டு போகிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வரைபடத்தில் வளைவு கிடையாது; அவர் பார்ப்பது வரைபடத்தை மட்டும்.

அலமாரிக்குப் பின்னால் அட்டவணைக்கு ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது. எழுந்து போய், "சார், வளைவு நகந்தா மண்டலமும்…" என்று ஆரம்பித்தான்.

"யோவ், நான் மேயருக்கு வரவேற்புரை தயார் பண்ணிட்டிருக்கேன். மண்டலத்தப் பத்தி எனக்கே பாடமா?" என்று குச்சி அவனைத் திருப்பி அனுப்பியது. நெஞ்சின் உறுத்தலும் அதோடு போய்விட்டது.

கடைசி நாள். மூன்று மணி விழா மூன்றே முக்காலுக்கு ஆரம்பித்தது. வளைவைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தூக்கி, கிரேன் லாரி மெதுவாகக் குடியிருப்பின் முதல் நிறுத்தமான தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுவந்துவிட்டது. வளைவு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேடையில் மேயர் பேசிக்கொண்டிருந்தார். அட்டவணை அச்சுப்படியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தில் நின்றான். கைக்கடிகாரம் நாலு மணியைக் காட்டியது.

சரியாக நாலு மணிக்குக் கிரேன் ஓட்டுநர் இறங்கி, சாவியை உதவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அவருடைய பணி நேரம் முடிந்தது. விதிப்படி கூடுதல் நேரத்துக்கு முன் அனுமதி வேண்டும். அந்த விதியை எழுதியவர் மேடையில் மேயருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அட்டவணைக்குப் பெரிய கவலை அதுவல்ல. வளைவை வைக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடத்தை அப்போதுதான் பார்த்தான். அவன் வீட்டுக்கு அப்பால் இருக்கிற புதிய நகர எல்லைக்கல் பக்கத்தில் என்றுதான் பேச்சு. மேடையிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ அதைத் தண்ணீர்த் தொட்டிக்கே மாற்றியிருக்கிறார்கள். அவன் வீட்டுச் சந்து அங்கிருந்து இன்னும் இருநூறு அடி. மண்டலம் அவன் வீட்டு வாசலைப் பார்த்துக் கையாட்டிவிட்டு இருநூறு அடி தள்ளி நிற்கப் போகிறது.

"ஏங்க" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி. "கோட்டப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மண்ணப் பாத்தீங்களா?"

அவன் மண்ணைப் பார்க்கவில்லை. அவள் செருப்புக் காலால் சுண்ணாம்புக் கோட்டை ஓர் அழுத்து அழுத்தினாள். தொட்டி கசிந்து கசிந்து தரை களிமண்ணாக இளகியிருந்தது; குதிகால் புதைந்து வெளியே வந்தது.

மேடையில் பேச்சு முடிந்தது. விருந்தினர் கையில் கத்தரிக்கோல். வளைவு அந்தரத்தில். பொது மேலாளர் கீழே ஓடி வந்தார். "டிரைவர் எங்க?"

"டூட்டி முடிஞ்சு போயிட்டாரு சார். இனிமே அனுமதிக் கடிதம் வேணும்" என்றான் மெக்கானிக்.

மேயர் மேடை ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வை பொது மேலாளருக்குப் போதும். கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "இங்க யாருக்காவது ஹெவி லைசன்ஸ் இருக்கா?"

"இருக்கு சார்" என்று ஒரு பெண் குரல். உரிமத்தை எடுத்து நீட்டினாள். அவர் உரிமத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் திருப்பி அனுப்பிய அதே ஆள் என்பது எப்படித் தெரியும்? பயணத் தாளில் ஓட்டுநர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். தலையை வெளியே நீட்டி, "சார், இங்க தரை இளகலா இருக்கு. கிரேனோட கால ஊனினா வண்டி சாஞ்சிடும். வளைவு மேடை மேலதான் விழும்" என்றாள்.

மேடையில் இருந்த இரண்டு மேயர்களும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"அப்ப எங்க வைக்கிறது?"

"கெட்டியா இருக்கிற இடமாப் பாத்து வைக்கிறேன்."

"வைம்மா, எங்கயாவது வை" என்றார் பொது மேலாளர். "சீக்கிரம் வை."

மணி நாலு இருபத்தாறு. லாரி உறுமி எழுந்தது. தலைக்கு மேலே 'நகரம் உங்களை வரவேற்கிறது' ஆடிக்கொண்டே வர, அதன் பின்னால் மேயர்கள், அவர்கள் பின்னால் பொது மேலாளர், பின்னால் குடியிருப்பு முழுவதும் நடந்தது. மெக்கானிக் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடினான். "மெதுவாக்கா, மெதுவா" என்று கத்தினான். அவள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். மச்சான் எல்லோருக்கும் முன்னால் கையை வீசி வழிவிடச் சொல்லிக்கொண்டு போனார், அங்கே வழியில் யாரும் இல்லாவிட்டாலும். லாரி அவர்கள் வீட்டுச் சந்து முனையைக் கடந்தது. எல்லைக்கல்லைக் கடந்தது. அதற்கப்பால் அறுபது தப்படி தள்ளி, சாலை ஓரத்தில் பழைய சல்லி கொட்டி இறுகிய மேட்டில் நின்றது.

அவள் இறங்கி, தரையைக் காலால் உதைத்துப் பார்த்தாள். சத்தம் கல் மாதிரி வந்தது. மறுபடி ஏறி, சாலைக்குக் குறுக்கே வளைவை இறக்கினாள்.

நான்கு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. தூசி அடங்கியது. கூட்டம் கை தட்டியது.

விருந்தினர் எல்லைக்கல்லைத் திரும்பிப் பார்த்தார். "உங்க வளைவு உங்க எல்லையத் தாண்டி நிக்குதே" என்றார்.

மேயர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க நகரத்த எல்லைக்குள்ள அடக்க முடியாதுங்க" என்றார்.

விருந்தினர் நாடாவை வெட்டிய வேகத்தில் அவர் வயிற்றெரிச்சல் தெரிந்தது. புகைப்படக்காரர் எல்லோரையும் நெருக்கி நிற்கச் சொன்னார். பொது மேலாளர் மேயர் தோளுக்கு எட்டு அங்குலம் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டார். அந்த எட்டு அங்குலத்துக்குள் அட்டவணை அச்சுப்படியை நீட்டினான்.

"சார், அடுத்த காலாண்டு அட்டவணை. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து."

"இப்பவா? போட்டோ எடுக்கிறாங்கய்யா."

"ஒரு தடவ படிச்சுப் பாத்துடுங்க சார். முதல் வரி வளைவு வரைக்கும்னு இருக்கு. அதனால நாலு நிறுத்தம் முதல் மண்டலத்துக்கு வந்திருக்கு. பின்னால பட்டியல் இருக்கு." அவன் வார்த்தை வார்த்தையாக, உரக்கச் சொன்னான். பிறகு யாரும் சொல்லவில்லை என்று சொல்லக்கூடாது.

"இத்தன வருஷமா அதே வரிதானய்யா. நகரு, நகரு, என்னை மறைக்கிற" என்றபடி, கேமராவைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நேரமும் எழுதினார்: நாலு ஐம்பத்து மூன்று.

அட்டவணை கூட்டத்தை விட்டு வெளியே வந்தான். மனைவி லாரியின் படியில் உட்கார்ந்து கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தாளைக் காட்டினான். அவள் கையெழுத்தைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அட்டவணை" என்று கூப்பிட்டாள். கோபம் இல்லாமல் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்றாம் தேதி விடியற்காலை பணியாளர் வேன் சந்து முனையில் வந்து நின்றது. காலை பத்து மணிக்குப் பொது மேலாளர் அச்சான அட்டவணையைப் பார்த்தார். பித்தளைக் குச்சி அலமாரியில் மோதியது.

"யாருய்யா என் மண்டலத்த நீட்டினது?"

அட்டவணை மூன்று தாள்களை மேசையில் வைத்தான். விதிக் குறிப்பு. பயணத் தாள். கையெழுத்தான அச்சுப்படி. கையெழுத்து எல்லாம் ஒருவருடையது, குச்சியைப் பிடித்திருந்தவருடையது.

அவர் மேயரிடம் ஓடினார். வளைவைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொன்னால், பக்கத்து மாநகரத்தான் என்ன நினைப்பான் என்று மேயர் கேட்டார். ஓர் அடிகூடப் பின்னால் போகாது என்றார். பொது மேலாளர் திரும்பி வந்து அரை மணி நேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரக் கடைசியில் பத்திரிகையில் ஒரு பேட்டி வந்தது: 'தொலைநோக்கு மண்டல விரிவாக்கம்: பொது மேலாளரின் நெடுநாள் கனவு.' மேயருக்கு எட்டு அங்குலம் தள்ளி நிற்கிற படத்தோடு.

மச்சானுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எல்லைக்கல்லுக்கும் வளைவுக்கும் நடுவே ஐந்து வீடுகள் இருந்தன. நகரத்தில் சேராத வீடுகள். அவர்களும் இப்போது முதல் மண்டலம்.

"நகரவாசி நானு. அவங்களுக்கும் எனக்கும் ஒரே டிக்கெட்டா மாப்ளே?" என்று புலம்பிக்கொண்டே, அந்த ஐந்து வீட்டுக்காரர்களோடு வளைவடியில் வரிசையில் நின்றார்.

பேருந்து வந்தது. வளைவின் இரண்டு தூண்களுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் ஒரு சாண் கூடக் குறைய இல்லாமல் திரும்பி நின்றது. மச்சான் முதலில் ஏறி, படியிலேயே நின்று பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவருடைய தங்கை கண்ணாடியில் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, படியில நிக்காதீங்க. மாநகரவாசியா இருந்தாலும் உள்ளதான் போகணும்."